முகவாயில் மூன்று முடி

ஸ்டுடியோக்காரர் தன் மனைவியின் தாடியை முதன்முதலில் பார்த்தது கம்ப்யூட்டர் திரையில்தான்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகள் அம்மாவை வரச் சொல்லியிருந்தாள். அம்மாவின் பாஸ்போர்ட் காலாவதியாகிக் கிடந்தது. புதுப்பிக்க போட்டோ வேண்டும். ஊரில் பாதிப் பேருக்குப் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக் கொடுத்தவரின் மனைவி வேறெங்கே போவாள்? கடைக்கு வந்தாள். முக்காலியில் உட்கார்ந்தாள்.

"சிரிக்கக் கூடாதாமே?"

"கூடாது."

"உங்க எதிர்ல உக்காந்தா அது ஒண்ணும் கஷ்டமில்ல."

க்ளிக். எழுந்து போய்விட்டாள்.

அவள் போன பிறகு படத்தைத் திரையில் போட்டுப் பெரிதாக்கினார். முகவாயின் இடது பக்கம் ஏதோ தூசி. லென்ஸைத் துடைத்து இன்னொரு தடவை பார்த்தார். தூசி போகவில்லை. திரையைத் துடைத்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். துடைக்க வேறு எதுவும் இல்லாததால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னும் பெரிதாக்கினார்.

மூன்று முடி. கறுப்பு. நல்ல தடிப்பு. அதில் ஒன்று சுருண்டுகூட இருந்தது. மேலுதட்டில் மெல்லிய நிழல் வேறு. வெளிச்சத்தால் விழுகிற நிழல் எது, முடி முளைக்கிற நிழல் எது என்று தெரியாதவரா அவர்?

'பதினாறு வயசுல எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது' என்று நினைத்துக்கொண்டார்.

அவருக்குத் தன் கண்மீது அசாத்தியமான நம்பிக்கை. "என் கண்ணுக்குத் தப்பி ஒரு பரு இந்தக் கடையை விட்டு வெளியே போனதில்லை" என்பார். எத்தனையோ கல்யாணப் பெண்களின் பருக்களை அழித்திருக்கிறார். மாப்பிள்ளைகளின் வழுக்கையில் நாற்று நட்டிருக்கிறார். அப்படிப்பட்ட கண் வீட்டுத் தாடியைக் கண்டுபிடித்ததில் என்ன ஆச்சரியம்?

கண்டுபிடித்ததும் ஒரு தீர்மானம் எடுத்தார். இது அவளுக்குத் தெரியக் கூடாது. தலையே போனாலும் தெரியக் கூடாது. தெரிந்தால் உடைந்துபோவாள்.

தானும் உடைந்துபோக வாய்ப்பிருந்தது என்பது வேறு விஷயம். ஒருமுறை, வாய் சும்மா இருக்காமல், "இந்த நீலம் உனக்கு எடுப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டார். "அப்ப இத்தனை வருஷமா நான் கட்டின பச்சை?" என்று கேட்டாள். அந்தப் பச்சைக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் ஒரு மழைக்காலமே போய்விட்டது. நிறத்துக்கே அந்தக் கதி என்றால் ரோமத்துக்கு என்ன கதி?

எனவே வாயை மூடிக்கொண்டு மவுஸைப் பிடித்தார். மூன்று முடிகளும் போயின. மேலுதட்டு நிழல் போயிற்று. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பழகின கை கேட்கவில்லை. கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைத் துடைத்தது. நெற்றிக் கோடுகளை அழித்தது. கழுத்துச் சுருக்கத்தை இஸ்திரி போட்டது. நிமிர்ந்து பார்த்தபோது திரையில் அவருடைய மகள் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு எடுத்துப்போய்க் கொடுத்தார். மனைவி படத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"யாரு இது?"

"நீதான்."

"நல்லா இருக்கேன்" என்று சொல்லிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. ஆனால் படத்தில் அழித்தால் முகத்தில் அழியுமா? ஏன் முளைத்தது என்கிற கேள்வி, தொண்டையில் மாட்டிய மீன் முள்ளைப் போல உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் எதிர்க்கடைக்குப் போனார். எதிர்க்கடை மருந்துக் கடை. அந்தக் கடைக்காரர் இவரை 'ஸ்டுடியோ' என்பார், இவர் அவரை 'மருந்து' என்பார். கடை திறந்த நாளிலிருந்து அப்படித்தான்.

"மருந்து, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க ஸ்டுடியோ."

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு முகவாயில முடி முளைக்குது."

"நல்லதுதானே. பையனுக்கு என்ன வயசு?"

"அம்பத்தாறு."

மருந்துக் கடைக்காரர் மாத்திரை அட்டையைக் கத்தரிப்பதை நிறுத்தினார். "அம்பத்தாறு வயசுலதான் ஆரம்பிக்குதா? இத்தனை நாளா என்ன பண்ணிட்டிருந்தாரு?"

"பையன் இல்லய்யா. பொம்பளை."

"யாரு?"

"ஒரு கஸ்டமர். போட்டோ எடுக்க வந்தாங்க."

"கஸ்டமரோட தாடிக்கு உங்களுக்கு ஏன் வேர்க்குது?"

"வெயில்."

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. மருந்துக் கடைக்காரர் அதைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். முக்காலியை இழுத்துப் போட்டார்.

"மாதவிலக்கு நின்ன அம்மாதானே? அப்ப சகஜம். பொம்பளைங்க உடம்புலயும் ஆம்பள ஹார்மோன் கொஞ்சம் இருக்கும். வயசு இருக்கறவரைக்கும் பெண் ஹார்மோன் அதை அடக்கி வெச்சிருக்கும். மாதவிலக்கு நின்னதும் பெண் ஹார்மோன் மடமடன்னு குறைஞ்சுரும். மத்தது அவ்வளவு வேகமாக் குறையாது. வாத்தியார் இல்லாத வகுப்பு மாதிரி ஆயிடும். அங்கங்க ஒண்ணு ரெண்டு தடிச்ச முடி எழுந்து நிக்கும். முக்காவாசிப் பேருக்கு விஷயம் அவ்வளவுதான்."

"மிச்சம் காவாசிப் பேருக்கு?"

"சிலருக்குப் பரம்பரையா வரும். சில மருந்து சாப்பிட்டா வரும். உடம்பு கனத்து சுகர் ஏறினாலும் வரலாம். கிட்னிக்கு மேல ஒரு சுரப்பி இருக்கு, அது தகராறு பண்ணினாலும் வரலாம்."

"அப்புறம்?"

"விடுங்க ஸ்டுடியோ."

"சொல்லுங்க மருந்து."

"ரொம்ப ரொம்ப அபூர்வமா, சினைப்பையிலயோ அந்தச் சுரப்பியிலயோ கட்டி இருந்தா வரும். ஆனா அது ஒண்ணு ரெண்டு முடியோட நிக்காது. கொஞ்ச மாசத்துலயே மளமளன்னு அடர்ந்துரும். குரல் தடிக்கும். தலையில முன்பக்கம் முடி கொட்டும். அப்படி இருந்தா தள்ளிப்போடாம டாக்டர்கிட்ட காட்டணும். அதுகூட எங்கேயோ ஒருத்தருக்கு..."

எங்கேயோ ஒருத்தருக்கு என்பது ஸ்டுடியோக்காரரின் காதில் விழவில்லை. கட்டி என்ற சொல் விழுந்ததுமே காது கதவைச் சாத்திக்கொண்டது. முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றுமில்லை என்பதை முக்கால் நிமிஷத்தில் மறந்தார்.

கடைக்குத் திரும்பி, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மனைவி உட்கார்ந்த அதே முக்காலியில் உட்கார்ந்தார். எதிரே கேமரா. விளக்கைப் போடவில்லை. வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்ல அவள் இல்லாவிட்டால் தனக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தார். சின்னக் கேள்விதான். ஆனால் கண்ணீர் வந்துவிட்டது. பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்த ஒருவர் ஷட்டருக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு, யாரோ இறந்துவிட்டார்கள்போல என்று மெதுவாக நடந்து போனார்.

அன்று முதல் கண்காணிப்பு ஆரம்பமானது.

முதலில் தலைமுடி. அவள் குளிக்கப் போனதும் சீப்பை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சீப்பில் முடி இருந்தது. சீப்பில் முடி இல்லாமல் வேறென்ன இருக்கும் என்று தோன்றவில்லை. காபி கொடுக்க வந்தவளின் நெற்றியையே வெறித்தார்.

"என்ன பாக்கறீங்க?"

"நெத்தி."

"அது ரொம்ப வருஷமா அங்கதான் இருக்கு."

அடுத்தது குரல். பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு, "ஏம்மா!" என்றார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "ஏம்மா!"

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல."

நாலாவது தடவை வந்த 'என்னங்க'வில் கொஞ்சம் தடிப்பு இருந்தது. நாலாவது தடவை யாருக்கும் குரல் தடிக்கத்தான் செய்யும் என்பது அவருக்குப் புரியவில்லை.

இதற்கு நடுவில் அவள் பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். பையை மேசைமேல் வைத்தாள்.

"படம் செல்லாதாம்."

"ஏன்? அளவு சரியாத்தானே வெச்சேன்?"

"அளவெல்லாம் சரிதானாம். ஆள்தான் சரியில்லையாம். உங்க மகள் படத்தை மாத்திக் கொண்டு வந்துட்டீங்கன்னு அந்த ஆபீசர் சொல்றாரு."

"நீ என்ன சொன்னே?"

"என் வீட்டுக்காரர் எடுத்தது, அவர் கண்ணுக்கு நான் அப்படித்தான் தெரியறேன்னு சொன்னேன்."

ஸ்டுடியோக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அவள் எதிரே உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணுமில்லையே."

"நிஜமா?"

"நிஜமா."

"சரி" என்றாள்.

மனைவி சொல்லும் 'சரி'க்கு எத்தனையோ அர்த்தம் உண்டு. சரி என்பது அதில் ஒன்றல்ல. இது தெரிந்திருந்தும் ஸ்டுடியோக்காரர் அன்று தப்பித்துவிட்டதாக நினைத்தார்.

சாயங்காலமே குரல் மாறியது.

"சாப்பாடு எடுத்து வெச்சாச்சு" என்று அடுப்படியிலிருந்து ஒரு கனத்த குரல். யாரோ விருந்தாளி வந்திருக்கிறார் என்று நினைத்துச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். விருந்தாளி யாரும் இல்லை. மனைவி மட்டும் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"இப்பப் பேசினது யாரு?"

"நான்தான்" என்றது அந்தக் குரல்.

மறுநாள் அவள் ஜன்னலோரம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஹலோ... ஆமா... சார் இல்லைங்க, நான் மேடம்... பரவால்ல விடுங்க, இப்பல்லாம் எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க." ஸ்டுடியோக்காரர் கையிலிருந்த டம்ளர் தானாகக் கீழே விழுந்தது. குனிந்து தரையைத் துடைக்கத் துடைக்க ஈரம் காயவில்லை. கொட்டிய தண்ணீரைவிட அவர் நெற்றி வேர்வைதான் அதிகமாகச் சொட்டியது.

இனிமேல் தாமதிக்க முடியாது. டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். ஆனால் எதற்கு என்று சொல்ல முடியாது. அப்போதுதான் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. தனக்கு வயிற்றுவலி என்று சொல்ல வேண்டும். துணைக்கு அவள் வருவாள். அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு உள்ளே போய் டாக்டரிடம் ரகசியமாக விஷயத்தைச் சொல்ல வேண்டும். டாக்டர் தற்செயலாகப் பார்ப்பதுபோல அவளையும் பார்த்துவிடுவார். பிரமாதமான திட்டம் என்று தன்னைத் தானே பாராட்டிக்கொண்டார். பாராட்ட வேறு ஆள் இல்லை.

"ஆ... அம்மா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தார்.

"எங்க வலிக்குது?"

"வயித்துல."

"வயித்துல எங்க?"

"சுத்தி."

"சுத்திப் போனா முதுகு வந்துருமே?"

"அங்கயும்தான்."

"டாக்டர்கிட்ட போலாமா?" என்று அந்தக் கனத்த குரல் கேட்டது.

"போலாம்" என்று இவர் துள்ளி எழுந்தார். உடனே ஞாபகம் வந்து மறுபடி குனிந்துகொண்டார். "நீயும் கூட வரணும்."

"வராம? எனக்குத் தெரிஞ்ச லேடி டாக்டர் ஒருத்தங்க இருக்காங்க. கைராசிக்காரங்க. அங்கயே போலாம்."

அவள் தானாகவே வலையில் வந்து விழுகிறாள் என்று ஸ்டுடியோக்காரருக்கு உள்ளுக்குள் குதூகலம்.

காத்திருக்கும் அறையில் முதல் தடங்கல். பேரைக் கூப்பிட்டதும், "நீ இரு, நான் மட்டும் போய்ட்டு வந்துடறேன்" என்று எழுந்தார்.

"துடிக்கிற மனுஷனைத் தனியா விடுவேனா?" என்று அவளும் கூடவே எழுந்தாள்.

டாக்டருக்கு நடுத்தர வயது. அவசரமே இல்லாத முகம். "உக்காருங்க. என்ன தொந்தரவு?"

"வயித்துவலி" என்றாள் மனைவி.

"வயித்துவலி" என்றார் இவரும். சொல்லிவிட்டு, மனைவி பார்க்காத சமயம் டாக்டருக்கு ஜாடை காட்டினார். தன் முகவாயைத் தட்டினார். கண்ணால் மனைவியைக் காட்டினார். மறுபடி தட்டினார்.

"முகவாயிலயும் வலியா?" என்றார் டாக்டர்.

"இல்ல, இல்ல."

"அப்ப ஏன் தட்டறீங்க?"

"பழக்கம்."

இந்தத் தடவை புருவத்தையும் சேர்த்து ஆட்டினார். டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். "முகம் ஒரு பக்கமா இழுக்குதா? எத்தனை நாளா இப்படி?"

"டாக்டர்," என்றாள் மனைவி, மணி அடித்ததுபோன்ற தன் பழைய குரலில், "அவர் என் தாடியைப் பத்திச் சொல்றாரு."

ஸ்டுடியோக்காரரின் விரல் முகவாயிலேயே நின்றுவிட்டது.

"ஓ, அதுவா?" என்றார் டாக்டர். "அதான் போன தடவையே சொன்னேனே. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் சரியா இருக்கு. கட்டி கிட்டி எதுவும் இல்ல. தைராய்டு, சுகர் எல்லாம் சுத்தம். வருஷக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா வர்றது. அவங்க அம்மாவுக்கும் இருந்திருக்கு. இந்த வயசுல எத்தனையோ பேருக்கு வரும், வெளியில சொல்லமாட்டாங்க. எங்கெங்க எவ்வளவு வருதுன்னு பாக்கத்தான் கொஞ்ச நாள் பிடுங்காம விடச் சொல்லியிருந்தேன். இனிமே பிடுங்கிக்கலாம். திடீர்னு நிறைய வந்தா மட்டும் மறுபடி வாங்க."

ஸ்டுடியோக்காரருக்கு முதலில் உயிர் வந்தது. அடுத்து அழுகை வந்தது. கடைசியாகத்தான் சந்தேகம் வந்தது. "போன தடவையா?"

"சரி, நீங்க படுங்க" என்றார் டாக்டர், கட்டிலைக் காட்டி.

"எதுக்கு?"

"வயித்துவலின்னீங்களே?"

"அது போயிடுச்சு."

"நம்பாதீங்க டாக்டர்" என்றாள் மனைவி. "சுத்தி வலிக்குதாம், முதுகுவரைக்கும். நானும் வருஷக்கணக்கா ஒரு செக்கப்புக்குக் கூப்பிடறேன், கல்லு மாதிரி இருக்கேன்னு சொல்லிட்டு வரவே மாட்டேங்கறாரு. இன்னிக்கு அவரா வந்திருக்காரு. விடாதீங்க."

விடவில்லை. படுக்கவைத்து அமுக்கினார்கள். கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்தார்கள். ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். நாக்கை நீட்டச் சொன்னார்கள். வயிற்றில் ஒன்றுமில்லை, பிரஷர்தான் எகிறிக் கிடக்கிறது என்றார் டாக்டர். உப்பைக் குறைக்க வேண்டும், ஊறுகாய் கூடவே கூடாது, தினமும் காலையில் நடக்க வேண்டும், இந்த மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிட வேண்டும். தாடிக்காரி ஒரு மாத்திரையும் இல்லாமல் வெளியே வந்தாள். கண்டுபிடித்தவர் கை நிறைய மாத்திரையோடு வந்தார்.

வீட்டுக்கு நடந்தே போனார்கள். நடப்பது அன்றைக்கே ஆரம்பிக்கட்டும் என்று அவள் சொல்லிவிட்டாள்.

"உனக்கு இது எப்பலேருந்து தெரியும்?"

"மூணு வருஷமா."

"மூணு வருஷமா? என் கண்ணுக்கு எப்படித் தப்பிச்சுது?"

"காலையில கண்ணாடி முன்னாடி நான் பிடுங்கும்போது, பக்கத்துல நின்னு பல் தேச்சுட்டிருந்தது யாரு?"

"நீ புருவத்தைச் சரி பண்றேன்னு நெனச்சேன்."

"புருவம் முகவாயிலயா இருக்கு?"

ஸ்டுடியோக்காரர் மாத்திரைப் பையைக் கை மாற்றிக்கொண்டார். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"கொஞ்ச நாளா அதிகமா வர்றமாதிரி இருந்துச்சு. எனக்கும் பயம்தான். உங்ககிட்ட சொன்னா நீங்க பயந்துருவீங்க, அப்புறம் நான் உங்களையும் சேத்துப் பாத்துக்கணும். எல்லாம் சரியா இருக்குன்னு தெரிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க படத்துல மழிச்சுட்டீங்க. சரி, பாத்துட்டாரு, இப்ப கேப்பாருன்னு இருந்தேன். கேக்கல. மருந்துக் கடைக்காரர் வேற, உங்க வீட்டுக்காரர் யாரோ ஒரு கஸ்டமர் தாடிக்கு மழையில வேர்த்துட்டு நின்னார்னு சொன்னாரு."

"அப்ப அந்தக் குரல்?"

"சும்மா. குரல் தடிக்கும்னு மருந்துக் கடைக்காரர் உங்களுக்குச் சொன்னதை வெச்சு, தொண்டைய அமுக்கிப் பேசினேன்."

"அந்த போன்? சார் இல்ல மேடம்?"

"போன்ல யாருமே இல்ல."

"அநியாயம்! எனக்கு உயிரே போயிடுச்சு தெரியுமா?"

"தெரியும்" என்றாள். இப்போது அவள் குரல் நிஜமாகவே கொஞ்சம் கம்மியது. "அதைப் பார்த்து எனக்கும் சங்கடமாத்தான் இருந்துச்சு. வாயைத் திறந்து கேப்பீங்கன்னு பார்த்தேன். நீங்க வயித்தைப் பிடிச்சுட்டீங்க."

வீட்டுக்கு வந்ததும் அவள் சின்ன இடுக்கியையும் கைக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஸ்டுடியோக்காரர் பக்கத்தில் போய் நின்றார்.

"குடு, நான் எடுக்கறேன். இது என் தொழில்."

"உங்க தொழில்ல அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு வலிக்காது."

"மெதுவா எடுக்கறேன்."

அவள் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிக் கொடுத்தாள். அவர் முகவாயை இரண்டு விரலால் பிடித்து, ஒவ்வொன்றாக, மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தார். சுருண்டிருந்த முடியைக் கடைசியில் எடுத்தார். 'ஸ்' என்றாள். அவ்வளவு பக்கத்தில் அந்த முகத்தைப் பார்த்து வெகுநாளாகிவிட்டது. கருவளையம் இருந்தது. கோடுகள் இருந்தன. எதையும் அழிக்கத் தோன்றவில்லை.

பயம் போய்விட்டால் மனுஷனுக்கு வாய் வந்துவிடும். இடுக்கியை உதறிக்கொண்டே சொன்னார்: "ஒண்ணு சொல்றேன் கேளு. எல்லாம் உடம்பு வாகுதான். எங்க அண்ணனையே எடுத்துக்கோ. அவனுக்கு ரெண்டு காதுலயும் முடி புதர் மாதிரி மண்டிக் கிடக்கு, குருவி கூடு கட்டலாம். நானும் அவனும் ஒரே வயித்துல பொறந்தவங்கதானே? என் காதைப் பாரு. இந்த வயசுலயும் ஒரு முடி கிடையாது. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேதான் இருக்கேன்."

அவள் இடுக்கியை அவர் கையிலிருந்து வாங்கித் துடைத்தாள். உதட்டோரம் ஏதோ துடித்தது.

"ஏன் சிரிக்கிற?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தா உங்களுக்கு நல்லாத் தூக்கம் வருதுல்ல?"

"வரும். கட்டை மாதிரி தூங்குவேன். அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல."

ஸ்டுடியோக்காரரின் விரல் மெதுவாக, அவரைக் கேட்காமலே, அவருடைய காதுக்குப் போயிற்று. உள்ளே ஏதோ குத்தியது.

"இந்த ஞாயித்துக்கிழமை கொஞ்சம் சீக்கிரமாவே படுத்துருங்க" என்றாள் மனைவி. "டாக்டர்கிட்ட அலைஞ்சதுல ரெண்டு வாரமா விட்டுப்போச்சு."